எழுந்து நின்ற கைப்பிடி

மேர்வினுக்குக் கோணல் என்றால் ஆகாது. ஊர்காவற்றுறையிலிருந்து வேலணைப் பக்கம் போகும் தெருவில், கரம்பனில் அவனுடைய கராச் இருக்கிறது. நாலு தூண், மேலே தகரம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கும். அதில் ஒன்று இடம் மாறித் தொங்கினால் மத்தியானச் சோறு அவனுக்கு இறங்காது. ஒரு தகட்டில் நாலு திருகாணி பூட்டினால், நாலின் தலைப் பிளவும் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் கொண்டுவருகிற கமக்காரருக்கு இது பெரிய பகிடி. "இது என்ன, கலியாண வீட்டுச் சோடினையே? உழத்தானே போறன்" என்பார்கள். மேர்வின் அடுத்த திருகாணியை எடுப்பான். இந்தக் கடற்காற்றில் ஆறு மாதத்தில் எல்லாம் கறள் பிடித்துவிடும் என்பது அவனுக்கும் தெரியும். அதுவரைக்கும் நேராக இருக்கட்டுமே.

நாற்பத்தெட்டு வயதில் அவனுடைய வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் நேராக இருந்தது. குடியில்லை, ஊர்ச் சண்டையில்லை, ஞாயிறு தவறாமல் வீட்டுக்குப் பக்கத்துச் சின்னக் கோயிலில் பூசை. ஒரேயொரு இடத்தில்தான் கோணல். அந்தக் கோணலின் பெயர் டெஸ்மன்.

டெஸ்மன் அவனுடைய சகலன். மேர்வினின் மனைவி யூலியட்டின் தங்கை மேரிஜோசப்பினைக் கட்டியவன். பிரதேச செயலகத்தில் கிளாக்கர் வேலை. மெலிந்த ஆள், மெல்லிய குரல், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. இப்படிப்பட்ட மனிதன்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் மேர்வினிடம் ஒரு சொல்லில் பதில் இருந்தது. கார்.

மாமனார் சந்தியோகுவின் கார் அது. சாம்பல் நிறத்து ஒஸ்ரின். நாற்பது வருடம் ஊர்காவற்றுறை இறங்குதுறையடியில் வாடகைக்கு நின்றது. பெண் மாப்பிள்ளையை ஏற்றியது, பிள்ளைப்பேற்றுக்குப் போனது, ஊர் இடம்பெயர்ந்தபோது ஒரு குடும்பத்தைப் பாயும் சட்டியும் பெட்டியுமாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனது, பிறகு திரும்பக் கொண்டுவந்தது எல்லாம் அதுதான். யாழ்ப்பாணத்தில் வேலை பழகிவிட்டு ஊருக்கு வந்த மேர்வின் முதன்முதல் கைவைத்த வாகனமும் அதுதான். அதைத் திருத்தப் போன வீட்டில்தான் தேத்தண்ணி கொண்டுவந்த யூலியட்டைக் கண்டான். அதற்குப் பிறகு அந்தக் காருக்கு அடிக்கடி நோய் நொடி என்று வருத்தம் வரத் தொடங்கியது. வருத்தம் காருக்கு இல்லை என்பது சந்தியோகுவுக்குக் கடைசியாகத்தான் விளங்கியது.

விரும்பிக் கட்டினபடியால் சீதனப் பேச்சு வரவில்லை. மேர்வினும் கேட்கவில்லை. கேட்காதவனுக்குத் தானாக வந்து சேரும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு மட்டும் இருந்தது. பதினாலு வருடம் அந்தக் காரை அவன்தான் பார்த்தான். அதில் அவன் கைபடாத திருகாணி ஒன்றில்லை. கிழவருக்குப் பிறகு அது வேறு எங்கே போகும் என்று நம்பியிருந்தான்.

ஆறு வருடத்துக்கு முன் மேரிஜோசப்பினுக்குச் சம்பந்தம் வந்தது. உத்தியோக மாப்பிள்ளை என்று எல்லோருக்கும் சந்தோசம், புழுகம். வீடும் காரும் சின்னவளுக்கு என்று எழுதினார்கள். வீடு கடைசிப் பெட்டைக்குப் போவது வழக்கம், அதை மேர்வின் குறை சொல்லவில்லை. கார் போனதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கலியாணத்தன்று காலையில் அதைக் கழுவித் துடைத்து, முன்னால் பூமாலை கட்டி, எஞ்சினைக் கிளப்பும் திறப்பை டெஸ்மனின் கையில் கொடுத்தவனும் அவனேதான். அன்றைக்கு வயிற்றில் பற்றினது இன்னும் அணையவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அது காரைவிடப் பெரிது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல வெட்கம். பதினாலு வருடத்தில் சந்தியோகு அவனுடைய வேலையை ஒரு தரமாவது மெச்சியதில்லை. எஞ்சினை முழுக்கக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தாலும் "ஓம், ஓடுது" என்பார். டெஸ்மன் ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டால் போதும். "வடிவாச் செய்திருக்கிறாய் மகன்" என்பார். அந்த "மகன்" மேர்வினின் காதில் விழும்போதெல்லாம் ஒரு கல் விழுந்தது மாதிரி இருக்கும். இத்தனைக்கும் அவனை அவர் "மேர்வின்" என்றுதான் கூப்பிடுவார், சந்தையில் கண்ட ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

அதனால் மாமனார் வீட்டுக்குப் போவதை அவன் குறைத்துக்கொண்டான். நத்தாருக்கு ஒரு தரம், உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு தரம். யூலியட் போய்வந்து சொல்கிற கதைகளை அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"அப்பாவுக்கு முடக்குவாதம் கூடிப்போச்சுதப்பா. விரலெல்லாம் மடங்கி நிக்குது. ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்று அவள் பல தரம் சொன்னாள்.

"அதுதான் உத்தியோக மருமகன் நிக்கிறாரே" என்பான் அவன்.

மாமனார் வீட்டார் போகிற பெரிய கோயிலின் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, டெஸ்மன் காரைக் கொண்டுவந்து கராச் வாசலில் நிறுத்தினான்.

"அண்ணை, பின் கதவு ரெண்டுக்கும் உள் றெக்சின் கிழிஞ்சுபோச்செண்டு ரவுணில ஒரு இடத்தில குடுத்து மாத்தினனான். பிடியளைத் திருப்பிப் பூட்டேக்க பிசகிப்போட்டினம். ரெண்டும் கீழ தொங்குது. பெருநாளுக்கு முதல் பாத்துத் தாறியளே?"

மேர்வின் காரைத்தான் பார்த்தான், ஆளைப் பார்க்கவில்லை. "ம்" என்றான்.

"பின் கதவு ரெண்டும்தான் அண்ணை. முன் கதவைத் தொடத் தேவையில்லை. இடப்பக்கத்து முன் பிடி ஒரு மாதிரி நிக்கும், அது என்னெண்டால்..."

"எனக்குத் தெரியாத காரே இது? திறப்பை வைச்சிட்டுப் போம்."

டெஸ்மன் திறந்த வாயை மூடிக்கொண்டான். திறப்பை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான். எனக்கே சொல்லித்தர வந்துவிட்டார் என்று மேர்வின் கறுவிக்கொண்டான்.

ஒஸ்ரினின் உள் கைப்பிடி பெரிய வித்தை ஒன்றுமில்லை. கதவிலிருந்து ஒரு சின்ன இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சுற்றிவரப் பல் வெட்டியிருக்கும். பிடி அந்தப் பல்லில் உட்கார்ந்து, குறுக்கே போகும் ஓர் இரும்பு ஊசியால் நிற்கும். ஊசியை ஒரு வட்டத் தட்டு மறைத்துக்கொண்டிருக்கும். ஒழுங்காகப் பூட்டினால் பிடி முன்னுக்குப் பார்த்து மட்டமாகக் கிடக்கும். விரலைக் கீழே விட்டு மேலே தூக்கினால் கதவு திறபடும். ஒரு பல் தப்பினால் தொங்கும், அல்லது நிமிரும். பின் கதவுகள் இரண்டிலும் அது காய்ந்த முருங்கைக்காய் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மேர்வின் இரண்டையும் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டான்.

முடித்துவிட்டு, சும்மா ஒரு தரம் உள்ளே பார்த்தான். மூன்று பிடிகள் மட்டமாகக் கிடந்தன. முன் இடப்பக்கத்துப் பிடி மட்டும் நேரே மேலே பார்த்து நின்றது. பூசையில் எல்லோரும் முழந்தாளில் இருக்க ஒருவன் மட்டும் எழுந்து நிற்கிற மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மேர்வினால் ஏலாது.

தட்டைப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தான். உள்ளே ஊசியில்லை. ஓர் ஆணி இருந்தது. பலகைக்கு அடிக்கிற ஒன்றரை அங்குல ஆணி, இரண்டு பக்கமும் குறட்டால் வளைத்துவிட்டிருந்தது. சுற்றிவர, திருகுகிற ஆயுதம் வழுக்கி விழுந்த கீறல்கள். பல தரம் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருக்கிறது. இது ரவுண் வேலை இல்லை. பேனை பிடிக்கிற கை செய்த வேலை.

மேர்வினுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. ஆறு வருடத்தில் அப்படி ஒரு சந்தோசம் அவனுக்கு வாய்க்கவில்லை. காரை வாங்கத் தெரிந்தவனுக்கு ஒரு பிடியைப் பூட்டத் தெரியவில்லை. பூட்டியதை மறைக்க, முன் கதவைத் தொட வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஆணியைக் கழற்றினான். தன் தகரப் பேணியிலிருந்து நல்ல ஊசி ஒன்றை எடுத்து, அளவுக்கு அராவி, பிடியை மட்டமாக வைத்துப் பூட்டினான். நாலு பிடியும் ஒரே கோட்டில் கிடந்தன. கார் திரும்பவும் தன்னுடையது மாதிரி ஒரு நிமிடம் இருந்தது. ஆணியை ஒரு கடதாசியில் சுற்றி வைத்தான்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது யூலியட்டிடம் அதை விரித்துக் காட்டினான்.

"உம்மட தங்கச்சி புருஷன்ர கைவேலை. கோயிலடியில வைச்சு மாமாவுக்குக் காட்டப்போறன். உங்கட காரை எதால பூட்டி வைச்சிருக்கினம் எண்டு பாருங்கோ எண்டு."

"பாவம் அவர், தெரியாமச் செய்திருப்பார்."

"தெரியாதவர் ஏன் தொடுவான்?" என்று மேர்வின் கேட்டான். கேட்டது தனக்கே நன்றாகப் பட்டதால் இன்னொரு தரம் கேட்டான்.

சனிக்கிழமை டெஸ்மன் காரை எடுக்க வந்தபோது மேர்வின் அங்கே நிற்கவில்லை. அவன் அதை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கப் பிடிக்காமல், திறப்பை யூலியட்டிடம் கொடுத்துவிட்டு இறங்குதுறைப் பக்கம் போயிருந்தான். டெஸ்மன் வலப்பக்கத்தால் ஏறி, பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனானாம். முன் கதவை அவன் பார்க்கவில்லை.

பெருநாள் காலையில் மேர்வின் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முந்திக் கோயிலடிக்குப் போனான். சேட் பையில் ஆணி. வாசல் வேம்பின் கீழே, கார் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டான். சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் நன்றாகத்தான் இருந்தது.

கார் வந்து நின்றது. பின் கதவைத் திறந்து மேரிஜோசப்பின் இறங்கினாள். புதிதாகப் பூட்டிய பிடி இலேசாக வேலை செய்தது, அதை அவள் கவனிக்கவேயில்லை. டெஸ்மன் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்ரியறிங்கில் கை வைத்தபடி முன்னுக்குப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். இறங்கிச் சுற்றிவந்து மாமனாருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டாமா, என்ன மருமகன் இவன் என்று மேர்வின் நினைத்தான்.

முன் இருக்கையில் சந்தியோகு இடக்கையைத் தூக்கினார். விரல்களை நீட்டவில்லை. மணிக்கட்டை மடித்து, கதவோரம் ஓர் இடத்துக்குக் கொண்டுபோய், உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தார். கை வெறும் காற்றில் போய் விழுந்தது. திரும்பவும் அதே இடத்துக்குக் கொண்டுபோனார். திரும்பவும் ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தார்.

பிடி மட்டமாகக் கிடந்தது. அதற்கு நேர் கீழே கை வைக்கிற பலகை. இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும், மணிக்கட்டு நுழையாது. சந்தியோகுவின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயிருந்தன. மேர்வின் அந்தக் கையை இவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தான். அவர் விரல் மொளிகளைப் பிடியில் இடித்தார், பக்கவாட்டில் தட்டினார், மற்றக் கையையும் கொண்டுவந்தார். அதுவும் அப்படித்தான் மடங்கியிருந்தது. பிடி அசையவில்லை.

பின்னால் வந்த சனம் நிற்கத் தொடங்கியது. "கதவைத் திறந்துவிடுங்கோவன்" என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் வெளியிலிருந்து கையை நீட்டினார்.

"விடு" என்றார் சந்தியோகு உள்ளேயிருந்து. "நான் நாப்பது வரியம் மற்றாக்களுக்குக் கதவு திறந்துவிட்டனான். எனக்கு ஒருத்தரும் திறக்கத் தேவையில்லை."

நீட்டிய கை பின்வாங்கியது. இன்னும் இரண்டு தரம் முயன்று பார்த்தார். நெற்றியில் வேர்வை. கடைசியில் டெஸ்மன் மெதுவாகக் குறுக்கே சாய்ந்து பிடியைத் தூக்கிவிட்டான். கதவு திறந்தது. சந்தியோகு இறங்கவில்லை. மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"ஆர் இதை மாத்தினது?"

டெஸ்மன் பிடியைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, வேம்பின் கீழே நின்ற மேர்வினைப் பார்த்தான். ஒரு நொடிதான்.

"நான்தான் மாமா. பின் கதவு வேலையோட இதையும் கழட்டினனான். பிழையாப் பூட்டிப்போட்டன்."

"எட்டு மாசமா ஒழுங்காத்தானே இருந்தது. என்ர கை உனக்குத் தெரியாதே?"

"என்னிலதான் பிழை மாமா."

சந்தியோகு பொல்லை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். யாரையும் பார்க்காமல் கோயிலுக்குள் போனார்.

மேரிஜோசப்பின், பின்னால் வந்துசேர்ந்த அக்கா யூலியட்டின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அப்பாவுக்கெண்டு இவர் மூண்டு நாள் கிடந்து கழட்டிக் கழட்டிப் பூட்டினவரக்கா. மணிக்கட்டைக் கொழுவிக்கொண்டு பின்னுக்குச் சாய்ஞ்சால் திறபடும். சேட் தெறி பூட்ட ஏலாது, சோறு குழைக்க ஏலாது, அப்பா தானாச் செய்யிறது இந்த ஒண்டுதான். ஒவ்வொரு ஞாயிறும் இதுக்காகத்தான் வெளிக்கிடுறவர். இண்டைக்கு எல்லாற்றை கண்ணுக்கு முன்னால..."

பையிலிருந்த ஆணி மேர்வினின் நெஞ்சில் குத்தியது. அவன் டெஸ்மனிடம் போய்க் கையை நீட்டினான்.

"திறப்பைத் தாரும்."

டெஸ்மன் கொடுத்தான்.

உள்ளே பூசை தொடங்கிப் பாட்டுக் கேட்டது. மேர்வின் காரின் பின்பெட்டியைத் திறந்து, எந்தக் காலத்திலோ தானே சுருட்டி வைத்த ஆயுதத் துணியை எடுத்தான். மாமனாரின் இருக்கையில் போய் இருந்தான். பிடியைக் கழற்றினான். பிறகு தன் விரல்களை உள்ளங்கைக்குள் மடித்து இறுக்கிக்கொண்டு, வெறும் மணிக்கட்டால் திறந்து பார்த்தான். ஒரு பல் முன்னால் வைத்தால் கை வழுக்கியது. ஒரு பல் பின்னால் வைத்தால் சாய இடமில்லை. ஒவ்வொரு தரமும் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது. அவனுடைய ஆயுதமும் வழுக்கி இரண்டு கீறல் போட்டது. நடுவில் ஒரேயொரு பல்தான் சரி. டெஸ்மன் வைத்திருந்ததும் அதே பல்லில்தான்.

இதை எனக்கு ஒரு மணித்தியாலத்தில் செய்யத் தெரியும் என்று நினைத்தான். உண்மைதான், செய்யத் தெரியும். ஆனால் செய்ய வேண்டும் என்று தெரிவதற்கு அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கிழவர் காரிலிருந்து இறங்க அந்தரப்படுவதை ஒரு தரமாவது பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் டெஸ்மனின் காரைப் பார்த்துத்தான் அவனுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக டெஸ்மனைப் பார்த்து எரிந்தது. கார் கிடைத்ததைக் கூட மன்னித்துவிடலாம். அந்த ஆணி டெஸ்மனுக்குத் தோன்றியதை எப்படி மன்னிப்பது?

கடைசியாகப் பூட்டும்போது கையில் இரண்டும் இருந்தன. நேற்று முன்தினம் தான் அராவிப் போட்ட ஊசி, டெஸ்மனின் வளைந்த ஆணி. எதைப் போட்டாலும் பிடி நிற்கும். நல்ல மனசுக்காரன் என்றால் ஆணியைத்தான் திரும்பப் போட்டிருப்பான். மேர்வின் அவ்வளவு நல்லவன் இல்லை. ஊசியைப் போட்டான். தட்டுக்கு அடியில் இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அவனுக்குத் தெரிந்தால் போதும்.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. மேர்வின் திறப்பை டெஸ்மனிடம் கொடுத்துவிட்டு வேம்படிக்கு வந்து, கிறீஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சந்தியோகு ஏறி இருந்தார். மேரிஜோசப்பின் கதவைச் சாத்தினாள். கிழவர் பிடியைப் பார்த்தார். மணிக்கட்டைக் கொழுவினார், பின்னுக்குச் சாய்ந்தார். கதவு திறபட்டது.

"இன்னொருக்காச் சாத்து பிள்ளை."

சாத்தினாள். திரும்பவும் திறந்தார். முன்னையைவிட இலேசாகத் திறந்தது. சந்தியோகுவின் முகம் தெளிந்தது. டெஸ்மன் பக்கம் திரும்பினார்.

"இப்ப வடிவாச் செய்திருக்கிறாய் மகன்."

"நானில்லை மாமா..." என்று தொடங்கிய டெஸ்மன் வேம்படியைப் பார்த்தான். மேர்வின் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பழியை எடுத்தவன் மெச்சலையும் எடுத்துக்கொண்டு போகட்டும். வெள்ளிக்கிழமை போலவே டெஸ்மன் திறந்த வாயை மூடிக்கொண்டான். இருபது வருடம் மேர்வின் காத்திருந்த சொல் அது. அவனுடைய வேலைக்குத்தான் சொல்லப்பட்டது, ஆள்தான் மாறிப்போனது. கார் தெருவில் ஏறி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் சேட்டைத் தோய்க்க எடுத்த யூலியட் பைக்குள் கையை விட்டாள்.

"இந்த ஆணி இன்னும் இதுக்குள்ளதான் கிடக்குது. துணியையும் ஓட்டையாக்கிப்போட்டுது. எறியட்டே?"

"எறியாதையும். அது டெஸ்மன்ர."

"அப்ப தங்கச்சியிட்டக் குடுத்துவிடட்டே?"

மேர்வின் எழும்பி வந்து அவளுடைய கையிலிருந்து அதை வாங்கினான். அதன் வளைவை விரலால் தடவிப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றான். "காரும் அவருக்கு, மாமாவும் அவருக்கு. இதையெண்டாலும் நான் வைச்சிருக்கிறன்."